மச்சாளின் பதினாறு கிழமைத் திட்டம்

அந்தப் புத்தகத்தை மச்சாள் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, அதன் ஒவ்வொரு பக்கத்திலும் முன்பு படித்த யாரோ ஒருவர் பென்சிலால் விடை குறித்து வைத்திருந்தார். வெளிநாடுகளில் வணிக முகாமைத்துவத்தில் எம்.பி.ஏ. மேற்படிப்புப் படிக்க விரும்புகிறவர்கள் எழுதும் நுழைவுத் தேர்வுக்கான பயிற்சிப் புத்தகம் அது. கொழும்பு புறக்கோட்டை நடைபாதையில் பழைய புத்தகக் குவியலுக்குள் கிடைத்ததாம். வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே படிக்கத் தொடங்கியிருப்பார்கள். மச்சாள் அழிக்கத் தொடங்கினாள். ஒரு கிழமை, ஏழு நாளும், வேலையால் வந்து தேநீர் குடித்ததும், அழிரப்பரோடு உட்கார்ந்துவிடுவாள்.

மச்சாள் என் கணவரின் தங்கை. யாழ்ப்பாணத்தில் கணிதம் படித்துப் பட்டம் பெற்றவள். யுத்தத்தால் தரைவழி மூடிக் கிடந்த காலத்தில் கப்பலுக்காக மாதக்கணக்கில் காத்திருந்து கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் எங்கள் இரண்டு அறை வீட்டில் தங்கியிருந்தாள். பம்பலப்பிட்டியில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர் வேலை. நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். வெள்ளவத்தை வீட்டுக்குப் பக்கத்திலிருந்த மருந்துக்கடையில் வேலை செய்தேன். அவளுக்குக் கனடாவில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளோ இந்தத் தேர்வைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது என்ன தேர்வு, ஏன் இவளுக்கு அது என்பதெல்லாம் எனக்கு விளங்கவில்லை. விளங்காததால்தான் அவள் மேசைப் பக்கம் அடிக்கடி போய் நின்றேன்.

அழித்த பிறகும் பென்சில் அழுத்திய தடம் தாளில் இருந்தது. பக்கத்தைச் சரித்து வெளிச்சத்தில் பிடித்து, அந்த முகம் தெரியாத ஆள் எங்கே தவறினார் என்று அவள் ஆராய்வாள்.

“அண்ணி, இந்த ஆள் கணக்கில கெட்டிக்காரன். ஆனா சரியான அவசரக்காரன். கேள்வியின்ர கடைசி வரியை வாசிக்கிறதே இல்லை” என்றாள் ஒருநாள். ஒரு கொப்பியில் அவருடைய பிழைகளை ஒரு பக்கமும் தன்னுடையவற்றை மறுபக்கமும் எழுதி வந்தாள்.

பழைய கலண்டர் தாள் ஒன்றின் பின்புறத்தில் பதினாறு கிழமைகளுக்குக் கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டினாள். முதல் கிழமையிலேயே முழுத் தேர்வு ஒன்று இருந்தது.

“ஒண்டும் படிக்காமல் சோதினை எழுதி என்ன காணப்போறீர்?” என்று கேட்டேன்.

“எங்க நிக்கிறன் எண்டு பாக்கவேணும், அண்ணி. பிறகுதானே எந்தப் பக்கம் நடக்கிறது எண்டு தெரியும்.”

எழுதிப் பார்த்ததில் ஆங்கிலம் மோசம். அதைவிட எனக்கு ஆச்சரியம், கணிதத்தை அவளால் முடிக்கவே முடியவில்லை. ஒவ்வொரு படியையும் எழுதிக் காட்டிப் பழகியவளுக்கு ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம் போதவில்லை. ஆகவே கிழமையில் நான்கு நாள் ஆங்கிலம், ஒருநாள் கணிதம், ஞாயிறு முழுத் தேர்வு, ஒருநாள் ஓய்வு என்று வகுத்தாள். கணித நாளில் அவள் பழகியது கேள்வியைச் செய்வதற்கு அல்ல, நேரம் முடிந்ததும் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவதற்கு. “விட மனம் வருகுதில்லை” என்று உதட்டைக் கடித்துக்கொள்வாள்.

ஒருவகைக் கேள்விகள் என்னையும் பிடித்துக்கொண்டன. அவை விடை கேட்பதில்லை. ஒரு பஸ்ஸில் எத்தனை பேர்? ஆண்கள் பெண்களைவிட ஆறுபேர் கூட என்பது ஒரு தகவல். பெண்கள் பன்னிரண்டு பேர் என்பது இன்னொன்று. விடை காண இவற்றில் ஒன்று போதுமா, இரண்டும் வேண்டுமா, இரண்டு இருந்தும் போதாதா என்பது மட்டும்தான் கேள்வி. மருந்துக்கடையில் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுக்கும்போதுகூட அது என் தலைக்குள் ஓடும்.

பதினோராம் கிழமை, ஒரு சனிக்கிழமைக் காலை, எங்கள் ஒழுங்கையின் இரு முனைகளையும் அடைத்து, புலிகளைத் தேடிப் பொலிஸார் வீடு வீடாகச் சோதனை நடத்தினார்கள். கணவர் துறைமுகத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். உள்ளே வந்த பெண் பொலிஸ் சுவருக்கு முன்னால் நின்றுவிட்டாள். கட்டம் கட்டமாக எண்கள், நிமிடங்கள், ஆங்கிலச் சுருக்கெழுத்துகள், குறைந்துகொண்டே வரும் நாட்கணக்கு. எல்லாவற்றுக்கும் மேலே ‘டார்கெட்’ என்று எழுதி ஒரு மூன்று இலக்க எண்.

தேர்வுக்குப் படிக்கிறாள் என்று நான் சிங்களத்தில் சொன்னேன். எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டாள். பள்ளிக்கூடம் இல்லை. யார் படிப்பிக்கிறார்கள்? ஒருவரும் இல்லை. தேர்வு அனுமதி அட்டை எங்கே? இன்னும் தபாலில் வரவில்லை. நான் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் ஒவ்வொரு உண்மையும் எங்களை இன்னும் கொஞ்சம் சிக்கவைத்தது. தாளை உரித்துச் சுருட்டினார்கள். மச்சாளை ஜீப்பில் ஏற்றினார்கள். நானும் கூட ஏறினேன்.

பொலிஸ் நிலையத்து வாங்குகளில் உட்கார இடமில்லாமல் சனம். எங்கள் முறை வந்தபோது மதியமாகிவிட்டது. இன்ஸ்பெக்டர் தாளை மேசையில் விரித்து, இது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். மச்சாளும் ஆங்கிலத்திலேயே விளக்கினாள். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. “அப்படியானால் ஒரு கேள்வி சொல்லும் பார்க்கலாம்” என்றார்.

அவள் அந்த பஸ் கணக்கைச் சொன்னாள். அவர் தாளின் ஓரத்திலேயே கூட்டிப் பார்த்து, “முப்பது” என்றார்.

“சரி, சேர். ஆனால் எத்தனை பேர் என்று கேட்கவில்லை. சொல்லப்பட்டது போதுமா என்றுதான் கேள்வி.”

அவர் அவளைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். “யாரும் சொல்லித்தராமலா படிக்கிறீர்?” என்று கேட்டார். அவள் ஓம் என்றாள். எங்களைப் போகச் சொன்னார்; தாளைத் திருப்பித் தரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் அழுதுவிட்டேன். “இனிச் சுவரில ஒண்டும் ஒட்டாதேயும். இந்தச் சோதினையே வேண்டாம்” என்றேன். அவள் அந்தப் பதினோராம் கிழமையையும் மிச்சம் இருந்த ஐந்து கிழமைகளையும் நினைவிலிருந்து கொப்பியில் கட்டம் போட்டு எழுதினாள். தவறிப்போன சனிக்கிழமையை வேறொரு நாளுக்குள் திணிப்பாள் என்று நினைத்தேன். அந்தக் கட்டத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்துவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

தேர்வு எழுதினாள். புள்ளி அவள் குறித்திருந்த எண்ணைத் தொடவில்லை. விண்ணப்பித்த மூன்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இரண்டு மறுத்தன, ஒன்று ஏற்றது. போனாள்.

போன வருடம் தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தபோது, இத்தனை காலமும் மனதில் வைத்திருந்ததைக் கேட்டேன். அன்றைக்கு இன்ஸ்பெக்டருக்கு முன்னால் எப்படிப் பயமில்லாமல் கதைத்தாள்?

“பயம் இல்லாமலா, அண்ணி?” என்றாள். “வாங்கில எனக்குப் பக்கத்தில பச்சைச் சட்டை போட்ட ஒரு பிள்ளை இருந்தது. அதுவும் யாழ்ப்பாணம். சிங்களமும் தெரியாது, இங்கிலீசும் தெரியாது. ‘உள்ள என்ன கேப்பினம், அக்கா?’ எண்டு என்னைக் கேட்டது. ‘தெரியாது, கேட்டிட்டு வந்து சொல்லுறன்’ எண்டனான். போகலாம் எண்டு சொன்ன உடன வாசலைப் பாத்துக்கொண்டு வந்திட்டன். உங்களுக்கு நல்லாச் சிங்களம் வரும். அந்தப் பிள்ளைக்காகப் பொலிசிட்ட ஒரு சொல்லுச் சொல்லுங்கோ எண்டு உங்களைக் கேட்டிருக்கலாம்.”

அந்த வாங்கை எவ்வளவோ நினைத்துப் பார்த்தேன். பச்சைச் சட்டை ஒன்றும் என் நினைவில் இல்லை.

“அந்தப் பிள்ளையின்ர பேர் என்ன?” என்று கேட்டேன்.

“கேக்கேல்ல, அண்ணி” என்றாள்.