உவர் தண்ணீரில் நீலமான தங்கம்

எத்தாளையில் கடல் தண்ணி தேங்கும் களப்புக் கரையில், ஒருத்தனும் கால் வைக்காத சேற்றில் நாலு இறால் குளம் வெட்டினேன். கரண்ட் வராத காலத்திலேயே தண்ணி மெஷின் ஓட்டினேன். நோய் வந்து அக்கம்பக்கத்துப் பண்ணையெல்லாம் பாழாய்க் கிடந்தபோது திரும்பவும் குஞ்சு விட்ட முதல் ஆள் நான்தான். படித்தது அஞ்சாம் வகுப்பு. பெருமைக்குச் சொல்லவில்லை என்றால் அது பொய், பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஆனால் இத்தனையும் கையை விட்டுப் போகப் பார்த்தபோது காப்பாற்றியது பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஒரு டொக்டர் மிஸ். அல்ஹம்துலில்லாஹ், அவவை மறக்க ஏலாது.

இறால் வாங்கும் கம்பனி என் பிடிப்பைத் திருப்பி அனுப்பியிருந்தது. மீனுக்குப் பூஞ்சணம் பிடிக்காமல் போடுகிற, தடைசெய்த பச்சை மருந்து அதில் இருக்கிறதாம். என் பண்ணைக்குள் அது வந்ததே இல்லை என்று கம்பனி ஆட்கள் முன்னால் சத்தியம் பண்ணிவிட்டேன். எங்கிருந்து வந்தது என்று காட்டாவிட்டால் இனி உங்கள் இறால் வேண்டாம் என்றார்கள்.

அந்த நேரம் மிஸ் ஒரு சின்னக் கருவியோடு பண்ணை பண்ணையாய்ப் போய்ச் சோதித்துக்கொண்டிருந்தார். கண்ணுக்குத் தெரியாத தங்கத் துணுக்குகள் கலந்த தண்ணீர் வைத்திருந்தார். நன்னாரி சர்பத் மாதிரிச் சிவப்பு. “மருந்து தங்கத்தில ஒட்டினா, பட்டுத் தெறிக்கிற வெளிச்சத்தில அதுட கைரேகை விழும், முதலாளி,” என்றார். தேத்தண்ணி கொண்டுவந்த என் பெண்சாதி சும்மா இருப்பாவா? “தங்கம் சிவப்பா மிஸ்? அப்ப இவர் எனக்கு வாங்கித் தந்ததெல்லாம் என்ன?”

வலை, ஐஸ் பெட்டி, இறால் கழுவும் பிளாஸ்டிக் தண்ணித் தாங்கி, குளத்து இறால் எல்லாவற்றையும் பஞ்சால் துடைத்து, அந்தச் சிவப்புத் தண்ணீரில் பிழிந்து பார்த்தார். திரையில் ஒன்றுமில்லை. “பாத்தீங்களா!” என்றேன். “இல்லையெண்டு சொல்ல ஏலாது. தெளிவில்ல,” என்றார்.

மறுநாள் காலை உதவி செய்ய நினைத்து, அவருடைய சின்னப் போத்தல்களை எங்கள் கிணற்றுத் தண்ணீரில் அலசி ஈரத்தோடு வைத்தேன். எந்த ஏனத்தையும் திரும்ப ஒருக்கால் அலசாமல் எடுப்பது என் பண்ணையில் கிடையாது. கிணறோ உவர். மிஸ் தங்கத் தண்ணீரை ஊற்றியதும் சிவப்பு நீலமாகிவிட்டது.

“ஆரு இதக் கழுவின?”

“நான்தான் மிஸ்.”

தலையில் கை வைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, தாங்கியைத் துடைத்த பஞ்சை அந்த நீலத்திலேயே பிழிந்து கருவிக்குள் வைத்தார். திரையில் அந்த மருந்தின் கோடு தென்னை மரம் மாதிரி எழும்பி நின்றது.

உப்புப் பட்டால் தங்கத் துணுக்குகள் ஒன்றோடொன்று நெருங்குமாம். அந்த இடுக்கில் மாட்டுகிற வெளிச்சம் பல மடங்காகத் தெறிக்குமாம். “லெப்ல நாங்க அளந்து உப்புப் போடுறதுதான். இங்க எவ்வளவு வேணுமெண்டுதான் பிடிபடல்ல,” என்றார். மற்றப் பஞ்சுகளையும் அப்படியே பார்த்தார். வலை, ஐஸ் பெட்டி, குளத்து இறால் ஒன்றிலும் கோடு இல்லை. வெறும் கிணற்றுத் தண்ணீரிலும் இல்லை. தாங்கியில் மட்டும்தான்.

அலங்கார மீன் வளர்க்கிற ஒருத்தரிடம் மலிவு என்று நான் வாங்கிய பழைய தாங்கி அது. மருந்து ஊறியிருந்திருக்கிறது. என் சத்தியம் பொய்த்துப் போனது. கம்பனிக்குப் போய், “பிழை என்னிலதான்,” என்று என் வாயாலேயே சொன்னேன். வாழ்நாளில் ஆகக் கனத்த வேலை அதுதான். தாங்கியை வெட்டி எறிந்தபின் அடுத்த பிடிப்பை எடுத்தார்கள்.

போன மாதம் மிஸ் இதைப் பற்றி எழுதிய கட்டுரை அச்சாகி வந்ததைக் கொண்டுவந்து தமிழில் சொல்லிக் காட்டினார். ‘ஒரு பண்ணை’ என்று மட்டும் இருந்தது. “உங்கட பேர் கெட்டிருமே, முதலாளி, அதுதான் போடல்ல.”

மிஸ், உங்களுக்காக ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். ஆனால் இதை ஒத்துக்கொள்ள ஏலாது. தங்கம் உங்களுடையது, ஓம். அதை நீலமாக்கிய உவர் தண்ணீர் என்னுடையது. மருந்துத் தாங்கியும் என்னுடையதுதான். இரண்டையும் எழுதி, பக்கத்தில் என் பேரைப் போடுங்கள்.