மவுஸ் படுத்துக்கொண்ட காலைகள்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். நான் எழுதிய நிரலில் பிழை இருக்கிறது என்று யாராவது சொன்னால் இன்னும் சீக்கிரம் வரும்.

மாத்தளைக்குப் பக்கத்தில் பலாபத்வலயில் மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கிச் சேர்க்கும் ஒரு கடைக்கு இணையப் பக்கம் ஒன்று செய்து கொடுத்திருந்தேன். எந்த மூட்டை யாருடையது, என்ன தரம், எந்த அடுக்கில் இருக்கிறது என்பதெல்லாம் அதில் தெரியும். பெயரின் மேல் மவுஸைக் கொண்டுபோனால் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டியல் விரியும். அதில் தரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலாளி வாங்கியிருந்த மடிக்கணினி விரலுக்கும் வேலை செய்கிற ரகம். அதனால் விரலால் தொட்டால் அதே பட்டியல் திரையின் அடியில் பெரிய பொத்தான்களாக வரும்படி எழுதியிருந்தேன்.

அந்தக் கணினியில் வேலை பார்த்தவர் ஓர் அக்கா. எங்கள் ரத்தோட்டைப் பக்கத் தோட்டத்து ஆள்தான். பல வருடம் அதே கடையின் பின்கூடத்தில் மற்றப் பெண்களோடு தரையில் உட்கார்ந்து கராம்பு துப்புரவு செய்தவர். சாப்பாட்டு நேரங்களில் தானாகவே கம்ப்யூட்டர் பழகி நாற்காலிக்கு வந்திருந்தார்.

பக்கத்தைப் போட்டுக் கொடுத்த மறுநாளே போன் வந்தது.

"தங்கச்சி, மவுஸு நகருதுங்க. ஆனா பட்டியல் விரிய மாட்டேங்குது."

"ஸ்கிரீன்ல கை வச்சீங்களாக்கா?"

"ஐயோ, கிட்டக்கூட போகலங்க. மிளகுக் கையோட தொடக் கூடாதுன்னு மொதலாளி சொல்லியிருக்காரு."

அணைத்துப் போடச் சொன்னேன். போட்டார். அப்போதும் விரியவில்லை. மாத்தளையில் என் அறைக் கணினியில் அதே பக்கம் தேன் மாதிரி ஓடியது. ஒரு நாள் மத்தியானம் பஸ் ஏறிப் போய், மவுஸாலேயே பக்கத்தை ஒருமுறை புதுப்பித்தேன். பட்டியல் அழகாக விரிந்தது. வெற்றியோடு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலை மறுபடியும் போன். இப்படியே இரண்டு வாரம் ஓடியது. அக்காதான் எதையோ கண்டபடி அமுக்குகிறார் என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

முதலாளியும் அதே முடிவுக்கு வந்தார். அவர் மாலையில் வந்து விரலால்தான் பார்ப்பார். விரலுக்கு எப்போதும் எல்லாம் சரியாகவே இருந்தது. ஒரு நாள் என்னைப் போனில் கூப்பிட்டார்.

"மகள், மெஷின்ல குத்தமில்ல. அந்தப் புள்ளைக்கு இது சரிவராது. திங்கக்கிழமையில இருந்து பழையபடி கராம்புக்குப் போகட்டும்."

என் வேலையில் பிழை இல்லை என்று அவரே சொன்னதில் எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி. போனை வைத்த பிறகுதான் உறைத்தது, வெட்கமாகவும் இருந்தது. இதுவரை ஒரு காலையில்கூட நான் அந்தக் கடைக்குப் போய்ப் பார்த்ததில்லை.

சனிக்கிழமை அந்த வழியாகத் தம்புள்ளைக்குப் போகும் முதல் பஸ்ஸில் ஏறி, கடை திறக்கும்போதே போய் நின்றேன். அக்கா வந்தார். செருப்பைக் கழற்றினார். கையைக் கழுவித் துடைத்தார். மெஷினைப் போட்டார், பக்கம் திறந்தது. வலது கை விரல்களால் திரையைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். அப்புறம் மவுஸைப் பிடித்தார். பட்டியல் விரியவில்லை.

"அக்கா, இப்ப தொட்டீங்களே!"

"எங்கங்க தொட்டேன்? கும்பிட்டேன்."

அவர் பொய் சொல்லவில்லை. நானும் தினமும் என் கணினியை அப்படித்தான் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன். என்னுடையது விரலுக்கு மசியாத பழைய மெஷின், அதனால் எனக்கு எதுவும் ஆனதில்லை. என்னிடம் யாராவது கேட்டிருந்தாலும் தொடவில்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

வினை நான் பெருமையோடு எழுதிய ஒரு வரியில் இருந்தது. விரலால் தொட்டால், பக்கத்தைத் திறந்து காட்டும் உலாவி அந்த விரலைத் தொடர்ந்து போலியாக ஒரு மவுஸ் செய்தியையும் அனுப்பும். ஒரு தொடுகை இரண்டாகி, பட்டியல் திறந்த வேகத்தில் மூடிக்கொள்ளும். அதைத் தடுக்க, ஒருமுறை விரல் பட்டாலே இது விரல் மெஷின் என்று முடிவு செய்து, பக்கத்தைப் புதுப்பிக்கும் வரை மவுஸின் கழுத்தை நெரித்து வைத்திருந்தேன். அக்கா அணைத்துப் போட்ட ஒவ்வொரு முறையும் மறுபடி கும்பிட்டிருக்கிறார்.

இனிமேல் கும்பிடாதீர்கள் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே வேலை முடிந்திருக்கும். வாய்வரை வந்தும்விட்டது. அப்படிச் சொன்னால் பழியை மறுபடியும் அவர் தலையில் போட்டது போலத்தானே? கராம்பு மூட்டைகளுக்குப் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து அந்த வரியைப் பிடுங்கி எறிந்தேன். மெஷின் எந்த ரகம் என்று கேட்பதை விட்டுவிட்டேன். ஒவ்வொரு அசைவும் விரலிலிருந்து வந்ததா மவுஸிலிருந்து வந்ததா என்று கேட்டேன். கேட்டால் உலாவியே சொல்லும். விரலுக்குப் பின்னால் வருகிற போலிச் செய்தியை மட்டும் கணக்கில் எடுக்காமல் விட்டேன். முதல் தடவை பட்டியல் கண்ணைச் சிமிட்டிவிட்டு மூடியது. இரண்டாம் தடவை மூடவே மறுத்தது. பத்தரை மணிக்கு நிமிர்ந்தேன்.

"அக்கா, அணைச்சுப் போட்டு நல்லா கும்பிடுங்க."

சந்தேகத்தோடு மூன்று முறை கும்பிட்டார். மவுஸை நகர்த்தினார். பட்டியல் விரிந்தது. விரலை வைக்கச் சொன்னேன், பெரிய பொத்தான்கள் வந்தன. மறுபடி மவுஸ், மறுபடி பட்டியல். "வந்துருச்சு!" என்று நான் போட்ட சத்தத்தில் மூட்டை தூக்குகிறவர் ஓடி வந்து எட்டிப் பார்த்தார். அந்த நிமிடம் ரிவர்ஸ்டன் மலை உச்சிக்கு ஒரே மூச்சில் ஓடச் சொன்னாலும் ஓடியிருப்பேன்.

முதலாளி வந்ததும் சொன்னேன். "முதலாளி, குத்தம் அக்காவோடது இல்ல. என்னோடது."

அவர் விரலாலும் மவுஸாலும் மாறி மாறித் தட்டிப் பார்த்துச் சிரித்தார். "சரி மகள், அப்ப அந்தப் புள்ள இங்கயே இருக்கட்டும்."

அக்கா எழுந்து நின்றார். "அது போதாதுங்க மொதலாளி. எனக்கு மெஷின் சரிவராதுன்னு கராம்புக் கூடத்துல எல்லாரு முன்னாடியும் சொன்னீங்க. அங்கயே வந்து சொல்லுங்க."

முதலாளி தொப்பியைச் சரிசெய்துகொண்டு கூடத்துக்கு நடந்தார். அக்காவும் நானும் பின்னால் போனோம். பெண்கள் வேலையை நிறுத்தி நிமிர்ந்தார்கள். அக்கா மேல் எந்தப் பிழையும் இல்லை என்று அவர் தமிழில் சொன்னார்; பிறகு சிங்களத்திலும் சொன்னார். பிழை என்னுடையது என்று நானும் இரண்டு மொழியிலும் சொன்னேன். பெண்கள் கராம்பு புடைக்கும் சுளகுகளைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள்.

திரும்பிப் பார்த்தால் அக்கா பக்கத்தில் இல்லை. கடை வாசலில் மிளகு மூட்டையோடு ஓர் ஆள் வந்திருந்தார். அக்கா அதற்குள் தம் நாற்காலியில் உட்கார்ந்து அவரிடம் பெயர் கேட்டுக்கொண்டிருந்தார்.