இடப்பக்கம் போன அம்பு

பக்தவச்சலம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது ஒன்று உண்டு. "ஆண்டவன் எல்லாருக்கும் மூளைய வெச்சிட்டு அப்பால வாய வெச்சான். என்க்கு மட்டும் வாய மொதல்ல வெச்சிட்டு, டயம் ஆயிடுச்சின்னு போய்ட்டான்." சொல்லிவிட்டு முதல் ஆளாகத் தானே சிரிப்பார். சும்மா அடக்கத்துக்குச் சொல்வதல்ல, அனுபவப்பட்டுச் சொல்வது.

தண்டையார்பேட்டைக்காரர். திருவொற்றியூரில் ஒரு தனியார் கன்டெய்னர் யார்டில் பெட்டிகளின் நம்பரை அண்ணாந்து பார்த்து அட்டையில் எழுதும் வேலைக்குச் சேர்ந்தார். தொண்ணூற்றெட்டில் யார்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. "யாருக்காவது இது தெரியுமா?" என்று மேனேஜர் கேட்டபோது கை தூக்கிய ஒரே ஆள் இவர்தான். அதுவரை இவருக்கும் கம்ப்யூட்டருக்கும் இருந்த உறவு, மாசித் திருவிழாவில் பார்த்த கம்ப்யூட்டர் ஜோசியம். அதில் 'இயந்திரத்தால் யோகம்' என்று அச்சடித்து வந்திருந்தது. அதை நம்பித்தான் கை தூக்கினார். பிறகு மூன்று மாதம் மாலை வகுப்புக்குப் போய், தூக்கிய கையைக் காப்பாற்றிக்கொண்டார்.

இரண்டாயிரத்து மூன்றில் ஆபீஸ் அறையில் ஒரே நீள மேஜைமேல் மூன்று கம்ப்யூட்டர்கள் இருந்தன. இடது ஓரத்தில் காசிமேட்டு யேசுதாஸ், உள்ளே வரும் பெட்டிகளைப் பதிவான். நடுவில் பக்தவச்சலம், எந்தப் பெட்டி எந்த அடுக்கில் என்று பதிவார். வலது ஓரத்தில் ராயபுரத்து ஷம்ஷாத், வெளியே போகும் பெட்டிகளைப் பதிந்து சீட்டு எடுத்துக் கொடுப்பாள். யேசுதாஸுக்குக் கல்யாணமாகி நாலு மாதம். ஷம்ஷாத் வீட்டில் ஐந்து பேர் அவள் சம்பளத்தில் சாப்பிடுகிறார்கள். ஒருமுறை பக்தவச்சலம் ஒரு பெட்டியைத் தப்பான அடுக்கில் பதிந்துவிட, கிரேன்காரர் அரை நாள் தேடிவிட்டுக் கெட்ட வார்த்தையில் திட்டினார். சத்தம் போடாமல் தவறைக் கண்டுபிடித்துத் திருத்தியவள் ஷம்ஷாத். யாரிடமும் அதைச் சொல்லவுமில்லை.

உப்புக் காற்றும் லாரிப் புழுதியும் சேர்ந்து அந்த வருஷம் ஒரே வாரத்தில் இரண்டு கீபோர்டைக் கொன்றன. புதிது கேட்டு எழுதியதற்கு ஹெட் ஆபீஸிலிருந்து பதிலே இல்லை. பக்தவச்சலத்தின் தோஸ்து அம்புரோஸ் கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர். அவர் ஒரு சிடியோடு வந்து மூன்றிலும் என்னவோ ஏற்றினார்.

"மாமு, இனிமே மூணு டப்பாவுக்கும் இந்த ஒரு கீபோர்டு, ஒரு மவுஸு போதும். அம்ப இந்தாண்ட ஓரம் வரைக்கும் தள்னா இந்த டப்பாக்குள்ள பூடும். அந்தாண்ட தள்னா அந்த டப்பாக்குள்ள. எங்க அம்பு கீதோ அங்கதான் நீ அடிக்கிறது வியும்."

பக்தவச்சலம் தள்ளிப் பார்த்தார். மவுஸின் அம்புக்குறி அவர் திரையின் ஓரத்தில் மறைந்து, பக்கத்துத் திரையில் தலை நீட்டியது. அவ்வளவுதான், மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. கையை அசைத்தால் மூன்று திரையிலும் வேலை நடக்கிறது. யேசுதாஸும் ஷம்ஷாத்தும் நம்பரைப் படித்துச் சொல்ல, இவர் அடித்துத் தள்ளினார். லாரி டிரைவர்கள் ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஆள் கூடக்கூட அடிக்கும் வேகமும் கூடியது.

மூன்றாம் நாள் மேனேஜரும் வந்து வேடிக்கை பார்த்தார். "அப்போ இவங்க ரெண்டு பேரும் எதுக்கு?" என்றார்.

அது வெறும் கேள்வியாகவே போயிருக்கும். பக்தவச்சலம் வாயை மூடிக்கொண்டிருந்தால் காற்றோடு போயிருக்கும். ஆனால் நம் ஆளின் வாய் ஆண்டவன் முதலில் வைத்த வாயாயிற்றே. "இவங்க இல்லாங்காட்டி இன்னா சார், நான் ஒர்த்தனே பாத்துப்பேன்" என்றது அது.

மேனேஜர் தலையாட்டிவிட்டுப் போனார். மறுநாள் வந்து சொன்னார்: ஆயுத பூஜை லீவு முடிந்ததும் ஹெட் ஆபீஸிலிருந்து ஒரு அதிகாரி வருவார். பக்தவச்சலம் தனியாகச் செய்து காட்ட வேண்டும். சரியாக வந்தால் அடுத்த மாதத்திலிருந்து ஒரே ஆள் போதும்.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இவர் ஊரான் சிடியில் அடுத்தவருக்கு வைத்துவிட்டார். யேசுதாஸ் எழுந்து வெளியே போய்விட்டான். ஷம்ஷாத் மட்டும், "இன்னாண்ணா, இப்டி சொல்ட்டியே" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அம்புரோஸைக் கூப்பிட்டு, "அத்த எட்த்துடு நைனா" என்று கெஞ்சினார். மேனேஜர் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டதாக அம்புரோஸ் கையை விரித்தார். கடைசியில் பக்தவச்சலமே ஒரு முடிவுக்கு வந்து இருவரையும் டீக்கடைக்கு அழைத்துப் போனார்.

"பேஜார் ஆவாதீங்கோ. அன்னிக்கு நான் வோணும்னே சொதப்பிட்றேன். இந்த ஆளு லாயக்கில்ல, மூணு பேரும் வோணும்னு அவனுங்களே சொல்லிகினு போவானுங்க."

யேசுதாஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். ஷம்ஷாத் ஒரு நிமிஷம் அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு டீயைக் குடித்தாள்.

பிறந்ததிலிருந்து முயற்சி இல்லாமலே சொதப்பி வந்தவர், முதல் முறையாக அதற்கு ஒத்திகை பார்த்தார். எங்கே தடுமாறுவது, எந்த எழுத்தை மாற்றி அடிப்பது என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் யோசித்தார். ஒருவகையில் பெருமையாகவும் இருந்தது. தியாகம் செய்ய எல்லோருக்குமா வாய்ப்புக் கிடைக்கிறது?

ஆயுத பூஜையன்று கிரேனிலிருந்து ஸ்டேப்ளர் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். கம்ப்யூட்டர்களின் ஒயரையெல்லாம் கழற்றித் துடைத்து, பொட்டு வைத்து, மறுபடி மாட்டினார்கள். பக்தவச்சலம் பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு சீக்கிரமே கிளம்பிவிட்டார். தியாகிக்குத் துடைக்கிற வேலையெல்லாம் ஆகுமா?

லீவு முடிந்து ஆபீஸ் திறந்ததும் அதிகாரி வந்துவிட்டார். கண்ணாடி போட்ட, மெதுவாகப் பேசுகிற மனிதர். பக்தவச்சலத்துக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, "நீங்கதான் அந்த எக்ஸ்பர்ட்டா?" என்று கேட்டார்.

எக்ஸ்பர்ட்! நாற்பது வருஷ வாழ்க்கையில் யாரும் அவரை அப்படி அழைத்ததில்லை. அந்த ஒரு சொல்லில் டீக்கடை மறந்தது, ஒத்திகை மறந்தது, யேசுதாஸ் பிடித்த கை மறந்தது. முதுகு நிமிர்ந்தது. இந்த மனிதர் முன்னால் மட்டும் ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்று மனசார நினைத்தார். வெட்கக்கேடுதான், ஆனால் நடந்தது அதுதான்.

வாசலில் லாரி வந்து நின்றது. உள்ளே வரும் பெட்டி, ஆகவே இடது பக்கம். அம்பை இடப்பக்கம் தள்ளினார். அது நடுத்திரையின் ஓரத்தில் மறைந்தது. இடது திரையில் மட்டும் வரவே இல்லை. இன்னும் தள்ளினார், மவுஸ் மேஜையை விட்டுக் கீழே விழுந்தது. எடுத்து வைத்து ஒரேயடியாக வலப்பக்கம் தள்ளினார், அம்பு இடது திரையில் முளைத்தது. வந்ததே போதும் என்று, திரையில் இருப்பதைப் பார்க்காமலே நம்பரைப் படபடவென்று அடித்து என்டரைத் தட்டினார். வலது ஓரத்துப் பிரின்டர் கரகரவென்று ஒரு சீட்டைத் துப்பியது.

அதிகாரி சீட்டை எடுத்துப் படித்தார். "இந்தப் பெட்டி இன்னும் வாசல்லதான நிக்குது? அதுக்குள்ள வெளிய போயிடுச்சுன்னு வந்திருக்கே."

பக்தவச்சலத்துக்கு வேர்த்துக் கொட்டியது. இடப்பக்கம் தள்ளினார், அம்பு வலப்பக்கம் முளைத்தது. கால் மணி நேரத்தில், வராத பெட்டிகள் நாலு வெளியே போயின, போக வேண்டிய பெட்டி இரண்டாம் முறை உள்ளே வந்தது. வாசலில் லாரி வரிசை சாலையைத் தொட்டது. ஹாரன் சத்தத்தில் அதிகாரி காதைப் பொத்திக்கொண்டார்.

"ஒரு ஆளுக்கு மூணு மெஷின் சரிப்படாது" என்று மேனேஜரிடம் சொன்னார். "ரெண்டு கீபோர்டு அனுப்பறேன். அவங்கவங்க இடத்துல அவங்கவங்க உட்காரட்டும்."

செய்தி யார்டு முழுக்கப் பரவியது. யேசுதாஸ் போட்ட டமாரம் அப்படி. கூட வேலை செய்கிறவர்களுக்காகப் பெரிய அதிகாரி முன்னால் மானத்தை விட்டவர்! கிரேன்காரர் இறங்கி வந்து, "மன்சன்யா நீ" என்று தோளில் தட்டினார். பக்தவச்சலம் மறுக்கவில்லை. இரண்டு நாள் போனதும் அவருக்கே அப்படித்தான் நடந்தது என்று தோன்ற ஆரம்பித்தது. மூன்றாம் நாள் ஷம்ஷாத் தன் சாப்பாட்டு டப்பாவிலிருந்து அவருக்குப் பெரிய மீன் துண்டாகப் பார்த்து எடுத்து வைத்தாள். அவர் அதைத் தொடாமல் ஓரமாக ஒதுக்கி வைத்தார்.

"ஷம்ஷாத்மா, நான் வோணும்னு சொதப்பல. அந்த ஆளு எக்ஸ்பர்ட்டுன்னு சொன்னதும் புத்தி கெட்டுப் போச்சி. ஒயுங்காத்தான் செய்யப் பாத்தேன். வர்ல. நல்ல வேள வர்ல."

"தெர்யும்ணா."

"எப்டி?"

"பூஜை அன்னிக்கு டப்பாவத் தொட்ச்சது யாரு? யேசு மானிட்டரு ஒயரையும் என் மானிட்டரு ஒயரையும் மாத்திச் சொருவுனேன். அவன் டப்பாவுல இருக்கிறது என் தெரையில வரும், என்து அவன் தெரையில."

பக்தவச்சலம் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் அவளையே பார்த்தார். "நான்தான் சொதப்பிட்றேன்னு வாக்கு குட்த்தேனேமா?"

"குட்த்தே. நீ நல்லவன்தான்ணா. ஆனா நாலு பேரு பாக்கறாங்கன்னா உன் கை உன் பேச்சக் கேக்காது. என் வூட்டுல அஞ்சு பேரு கீறாங்க, உன் கைய நம்பிகினு நான் எப்டி உக்கார்றது?"

"ஒயர எப்ப திருப்பி மாத்துன?"

"நீ தியாகியாகி வூட்டுக்குப் போனியே, அந்த ஆபீசரு வந்த அன்னிக்கு சாயங்காலம்."

அவருக்கு அழுகை வரும்போல இருந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. "சாப்டுண்ணா, ஆறிப்போவுது" என்றாள் ஷம்ஷாத். அவர் முள்ளைப் பார்த்து எடுத்துவிட்டு மீனைச் சாப்பிட்டு முடித்தார்.