இரண்டு சூரியப் புயல்களும் ஓர் அடையாறு ஞாயிறும்

என் தங்கை ரேவதி சூரியனை ஆராய்பவள். சூரியனில் வெடித்துக் கிளம்பும் மின்னூட்டத் துகள் மேகங்கள் எப்போது பூமிக்கு வரும் என்று கணிப்பது அவள் வேலை. போன ஞாயிறு அடையாறில் ஒரு சிறு அரங்கில் அதைப் பற்றித் தமிழில் பேசினாள். துணைக்குப் போனேன். இப்படிப்பட்ட கூட்டங்களுக்குப் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மேற்கு மாம்பலத்தில் காலை 9.10க்கு ஆட்டோ பிடித்தோம். ஏழு கிலோமீட்டர், இருநூறு ரூபாய். துரைசாமி சுரங்கப்பாதையைத் தாண்டியதும் ரேவதி மடிக்கணினியைத் திறந்தாள்.

"அந்தப் படத்தை எடுத்துடட்டுமா, அக்கா?"

எந்தப் படம் என்று எனக்குத் தெரியும். சமீபத்தில் ஒரு சூரியப் புயல் சனிக்கிழமை மதியம் பூமிக்கு வரும் என்று கணித்திருந்தாள். அது விடியற்காலையிலேயே வந்துவிட்டது. எட்டு மணி நேரத் தவறு. அதைக் காட்டும் படம்தான் அது. அதைப் பொதுவில் சொல்ல வேண்டாம் என்று அவளுடைய மூத்த அதிகாரி சொல்லியிருந்தார்.

"ஏன் சீக்கிரம் வந்துச்சு?" என்றேன்.

"அதுக்கு முன்னாடி நாள் மெதுவா ஒண்ணு கிளம்பியிருந்தது. அது வழியில இருந்ததையெல்லாம் ஒதுக்கிட்டே போயிருக்கு. பின்னாடி வந்த வேகமானதுக்குத் தடையே இல்ல. நான் பின்னாடி வந்ததை மட்டும் தனியாக் கணக்குப் போட்டுட்டேன்."

ஓட்டுநர் திரும்பாமலே சொன்னார்: "முன்னாடி ஒருத்தன் ரோட்ட கிளியர் பண்ணிக்கினு போனா, பின்னாடி வர்றவனுக்கு ஜாலிதான மேடம்? இதுல இன்னா தப்பு கீது?"

ரேவதி சிரித்துவிட்டாள். ஆனால் கோட்டூர்புரம் பாலம் ஏறும்வரை படத்தை எடுப்பதும் சேர்ப்பதுமாகவே இருந்தாள்.

9.40க்கு அரங்கம். நாற்பது பேர் இருந்திருப்பார்கள். பாதிப் பேச்சில், மயிலாப்பூரிலிருந்து வந்திருந்த ஒரு மாமி கை தூக்கினார்.

"நீங்க சொன்ன நேரத்துக்கு எப்பவும் வந்துடுமா?"

ரேவதி என்னைப் பார்க்கவில்லை. "இல்லைங்க," என்றாள். "போன தடவை எட்டு மணி நேரம் தப்பு பண்ணிட்டேன்." அந்தப் படத்தைத் திரையில் போட்டு, முன்னால் போன மெதுவான புயலையும் பின்னால் வந்த வேகமானதையும் காட்டினாள்.

மாமி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "ரெண்டும் இடிச்சுண்டா என்ன ஆகும்?"

"முன்னாடி போறது வேகமாகும், பின்னாடி வர்றது வேகம் குறையும். சில சமயம் ஒண்ணாச் சேர்ந்துடும். நடுவுல அமுங்கற காந்தப்புலம் பலமாயிடும். வந்து சேரும்போது, கிளம்பின மாதிரியே இருக்காது."

அதன்பின் கேள்விகள் நிற்கவில்லை. பதினொன்றரைக்கு முடிய வேண்டிய கூட்டம் முடிந்தபோது மணி பன்னிரண்டே கால். தவறை மறைத்திருந்தால் நல்ல பேச்சு என்று கைதட்டிவிட்டுக் கலைந்திருப்பார்கள் என்று தோன்றியது.

போகிறவர்களுக்கு: கால் மணி நேரம் முன்னதாகப் போனால் மின்விசிறிக்குக் கீழே இடம் கிடைக்கும். குடிநீர் எடுத்துப் போங்கள். வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை. திரும்புவதற்குத் தி. நகர் போகும் பிங்க் பஸ் வசதி. பெண்களுக்குக் கட்டணம் கிடையாது.

நாங்களும் அதில்தான் வந்தோம். தி. நகர் வந்து எல்லோரும் இறங்கிவிட்டார்கள். ரேவதி மட்டும் நோட்டில் குனிந்து, இரண்டு புயல்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மேடம், கடைசி ஸ்டாப்பு," என்றார் நடத்துநர்.

"ஒரு நிமிஷம்ணா," என்றாள் அவள், நிமிராமல். "ரெண்டாவது இப்பதான் முதலாவதைத் தொடுது."