டுரியான் தூக்கிய கை

ஒரு சுளைகூட வாயில் வைக்காமல் டுரியான் பழத்தால் சாகப் பார்த்த ஒரே முட்டாள் இந்த ஈப்போவில் நானாகத்தான் இருப்பேன்.

இனிப்புநீர் வியாதி என் சிறுநீரகத்தைத் தின்று முடித்த பிறகு, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். டுரியான் தின்னவே கூடாது, அதிலிருக்கும் பொட்டாசியம் ரத்தத்தில் ஏறினால் இதயம் நின்றுவிடும். மோந்து பார்க்கலாமே என்று மச்சானோடு செமோர் பக்கம் போனேன். ரப்பர் மரம் நின்ற இடமெல்லாம் இப்போது டுரியான் தோப்பு. மச்சான் தின்றான், நான் மோந்தேன். அதோடு விட்டேனா? அவன் வாங்கிய பழப்பையை இடது முழங்கையில் மாட்டிக்கொண்டு கார்வரை வீரநடை போட்டேன்.

அந்தக் கையில்தான் ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்திருக்கிறார்கள். ஊசி ஏறும் வாசல் அது. பாரம் தூக்கினால் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் கழுத்தில் குழாய், மறுபடி ஆபரேஷன். ஓடுகிறவரை தோலுக்கடியில் பூனை உறுமுகிற மாதிரி ஓர் அதிர்வு இருக்கும். தினமும் காலையில் கோப்பி கலக்குமுன் என் மனைவி அதில் காது வைத்துப் பார்ப்பாள். கல்யாணமான நாளிலிருந்து என் வாய்க்குக் காது கொடுக்காதவள், என் கைக்குக் கொடுக்கிறாள்!

மறுநாள் காது வைத்தவள் நிமிரவே இல்லை.

"என்னா?"

"சத்தம் கம்மியா இருக்கு. நேத்து என்னா தூக்குனீங்க?"

"காத்துதான் லா."

அவள் சிரிக்கவில்லை. கார் சாவியை எடுத்துவிட்டாள்.

டயாலிசிஸ் சென்டரில் நர்ஸ் மிஸ்ஸி ஸ்டெதாஸ்கோப் கருவியை என் கையில் வைத்துக் கேட்டார். "ஓடுது அண்ணே. தப்பிச்சீங்க. கொஞ்சம் மெதுவா ஓடுது, தினமும் கவனிங்க" என்றவர், கருவியை என் காதில் மாட்டினார்.

அன்றுவரை நான் கேட்டதே இல்லை. தூரத்து மழை, தோட்டத்து மரங்கள் மேல் நடந்து நடந்து கிட்டே வருவதுபோல் ஒரு சத்தம். என் கைக்குள்ளா? எத்தனை கிளாஸ் இனிப்புத் தே தாரேக் டீயை ஊற்றிக் கெடுத்த உடம்பு இது! நான் கேலி பேசித் திரிந்த நேரமெல்லாம், தூங்கிய நேரமெல்லாம், கோபிக்காமல் பெய்துகொண்டே இருந்திருக்கிறது. எனக்கு வாயடைத்துப்போனது. மச்சான் நம்பமாட்டான்.

மறுநாள் காலை வாய் திரும்பிவிட்டது.

"மிஸ்ஸியே ஓடுதுன்னு சொல்லிட்டாங்க. இன்னிக்கு நீ லீவு எடுத்துக்க லா" என்றேன்.

"கைய நீட்டுங்க."