வடக்குச் சிறகின் தரைக்கு அடியில்

சனெல்மாவை எங்கள் ஊரில் கோயில்காரி என்றுதான் சொல்வார்கள். பின்லாந்தின் காட்டோரத்தில் நிற்கும் எங்கள் லுத்தரன் மரக்கோயிலைப் பெருக்குவது, குளிர்காலத்தில் விடியுமுன் அடுப்பு மூட்டுவது எல்லாம் முப்பது வருடமாக அவள்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கோயில் சிலுவை வடிவம். மூன்று சிறகுகளில் வாய் திறக்காமல் பெருக்குபவள், வடக்குச் சிறகுக்கு வந்தால் மட்டும் மெல்லப் பேசிக்கொண்டே பெருக்குவாள். அங்கே ஆவி இருக்கிறது என்று பெண்கள் சொன்னார்கள்.

1957 கோடையில் அந்தச் சிறகின் அடிமரம் உளுத்துவிட்டது. நூற்றெண்பது வருடத்துக்கு முன் எழுதப்படிக்கத் தெரியாத ஒரு விவசாயி, முழுப் பைன் மரங்களைக் கோடரியால் செதுக்கி, மூலைக்கு மூலை கோத்து எழுப்பிய சுவர் அது. தச்சு மேஸ்திரி தாவெத்தியும் அவரிடம் வேலை பார்த்த நானும் தரைப்பலகைகளைப் பெயர்த்தோம். அந்தக் காலத்தில் கோயிலுக்குள்ளேயே புதைத்தவர்களின் சவப்பெட்டிகள் கீழே இருக்கும் என்பது தெரிந்ததுதான். ஆனால் கருங்கல் அடித்தளத்தின் காற்றுத்துளைக்குப் பக்கத்தில், முழங்கை நீளத்தில் ஏழு பெட்டிகள் கிடந்தன.

"ஞானஸ்நானம் ஆகாம செத்த பிள்ளைங்க," என்றார் தாவெத்தி. "கல்லறைத் தோட்டத்துல இடம் தர மாட்டாங்க. பெத்தவங்க திருட்டுத்தனமா இங்க தள்ளிவிட்டிருக்காங்க. எல்லாம் நூறு வருசத்துக்கு முந்தின சங்கதி."

ஆறு பெட்டிகள் இற்றுப்போயிருந்தன. ஏழாவது வெண்ணெய்ப் பெட்டி. பால்பண்ணை முத்திரைகூட அழியவில்லை. அந்தப் பண்ணை நான் சிறுவனாக இருந்தபோது வந்தது.

"இது அவ்வளவு பழசில்ல, மேஸ்திரி."

பின்னால் வாளி விழுந்தது. சனெல்மா.

"அதத் தொடாதீங்க. அது என்னோடது."

தாவெத்தி தொப்பியைக் கழற்றினார். நான் ஓடிப்போய்ப் போதகர் லில்யவாராவை அழைத்து வந்தேன். இரண்டு வருடத்துக்கு முன் வந்த புது ஆள். சனெல்மா யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள்.

"இருபத்தாறாம் வருசம் பொறந்தான், ஐயா. மூச்சே விடல. அப்ப இருந்த போதகர் இடமில்லன்னுட்டார். ஊரே புல் அறுக்கப் போன அன்னிக்கு அந்தத் துளை வழியா உள்ள விட்டேன். பனி விழுந்ததும் அழ ஆரம்பிச்சிட்டான். குளிர்ல மரம் வெடிக்கிற சத்தம்னு சொல்லுவீங்க. எனக்குந் தெரியும். ஆனா மரம் பாலுக்கு அழுமா? அதான் இந்த வேலையக் கேட்டு வாங்கினேன். பேச்சுக் குடுத்தா அடங்கிடுவான்."

"பேரு என்ன வெச்சீங்கம்மா?"

"பேரு வைக்க எனக்கு ஏதுங்க உரிமை?"

"நீங்க வைக்காம வேற யாரு வைப்பா?"

பெட்டியின் பக்கம் குனிந்து, "அன்தெரோ," என்றாள்.

ஞாயிறன்று மணியடித்து, ஏழு பெட்டிகளையும் கல்லறைத் தோட்டத்தில் ஒரே குழியில் அடக்கம் செய்தோம். வயதான பண்ணைக்காரர் ஒருவர் கூட்டத்தின் கடைசியில் நின்றுவிட்டு, மண் போடுமுன் போய்விட்டார். நாங்கள் பார்க்காததுபோல் பார்த்தோம்.

அடுத்த மார்ச்சில், போதகர் வீட்டுக் கதவை நான் சரிசெய்துகொண்டிருந்தபோது, சனெல்மா வந்து கோயில் சாவியை மேசைமேல் வைத்தாள்.

"சத்தமே இல்லீங்க, ஐயா. பனிக்காலம் பூராவும் காது குடுத்துப் பாத்துட்டேன். இப்பதான் உள்ள போக பயமா இருக்கு."

அந்த வாரமே தங்கை வீட்டோடு போய்விட்டாள். சாவியை வாங்க ஊரில் யாரும் முன்வரவில்லை. கடைசியில் தாவெத்தியின் மனைவி ஒப்புக்கொண்டாள், கூட ஓர் ஆள் வந்தால்தான் என்ற நிபந்தனையோடு.