அம்முலுவின் கதவு நோட்டு

2005-இல் உத்திரமேரூர் பக்கத்தில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நான் ஆராய்ச்சி மாணவன். அம்முலு அங்கே கண்ணாடிச் சாமான் கழுவுபவர். ஏரிக்கரைக் குடியிருப்பிலிருந்து நடந்தே வருவார். தலைமுறையாகக் கூலிக்குப் போன குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவர்தான். அந்த வேலைக்குத்தான் நான் உலை வைத்தேன்.

உயிருள்ள செல்களுக்குள் ஒளிரும் துகள்களைச் செலுத்துவது என் ஆராய்ச்சி. கண்ணுக்கே தெரியாத நுண்பொடி அது. நீல விளக்கைக் காட்டினால் செல்லுக்குள் செக்கச்செவேலென்று ஒளிரும். புற்றுநோய்ச் செல் எங்கே போகிறது என்று பின்தொடரலாம். பொடியின் நடுவில் இருப்பது காட்மியம், சுத்த விஷம். மேலே உறை இருப்பதால் ஆபத்தில்லை என்று படித்திருந்தேன். என் செல்களோ தட்டுத் தட்டாகச் செத்தன.

கழுவிய தட்டில் சோப்பு மிச்சமிருப்பதால்தான் செல்கள் சாகின்றன என்று பேராசிரியை இளவரசியிடம் எழுதிக் கொடுத்தேன். மாதக் கடைசியோடு நின்றுகொள்ளும்படி அம்முலுவிடம் சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலை அவர் நேராக என் மேசைக்கு வந்தார்.

"சார், பொடி போடாத தட்டையும் நான்தான் கய்வுறேன். அதே தொட்டி, அதே தண்ணி. அது இன்னாத்துக்கு சாவல?"

எனக்குச் சுருக்கென்றது. படித்தவனுக்கு இது முதலிலேயே உறைத்திருக்க வேண்டாமா? ஆனாலும் என் தப்பென்று ஒத்துக்கொள்ள வீம்பு விடவில்லை.

"அப்ப பொடிதாம்மா கொல்லுது."

"பொடி போட்டதுலயும் நாலாவதும் ஏழாவதும் நல்லாத்தானே கீது?"

பெட்டிக் கதவில் தொங்கும் நோட்டைக் கழற்றி வந்து என் முன்னால் பிரித்து வைத்தார். செல் வளர்க்கும் பெட்டியின் கதவைத் திறந்தால் எந்தத் தட்டு, எவ்வளவு நேரம் வெளியே இருந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சட்டம் நான் போட்டது. ஒருநாளும் நான் எழுதியதில்லை. நான் திறந்ததையெல்லாம் அவரே குறித்து வைத்திருந்தார். மூன்றாவது தட்டு, புள்ளலூரிலிருந்து வந்த என் நைனாவுக்குக் காட்ட நாற்பது நிமிடம். ஐந்தாவது, கல்லூரித் தாளாளருக்கு அரை மணி. செத்தவை எல்லாம் நான் பெருமைக்காக விளக்கடியில் வைத்துக் காட்டியவை. நாலும் ஏழும் ஒரு நிமிடத்துக்கு மேல் விளக்கைப் பார்க்கவில்லை.

அன்றே புதிதாக மூன்று தட்டு வைத்தேன். பொடி இல்லாத ஒன்றையும் பொடி போட்ட ஒன்றையும் ஒரு மணி நேரம் விளக்கில் வைத்தேன். பொடி போட்ட இன்னொன்று இருட்டிலேயே இருந்தது. மறுநாள் செத்தது ஒன்றுதான்: பொடியும் விளக்கும் சேர்ந்த தட்டு. நெடுநேர ஒளியில் உறை அரிக்கப்பட்டுக் காட்மியம் கசிந்திருக்கிறது. இனி சில நொடிகளுக்கு மேல் பார்க்கக் கூடாது என்று எழுதி ஒட்டினேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

என் கடிதத்தைத் திரும்ப வாங்கிக் கிழித்துவிட்டு, அம்முலுவின் வேலைக்கு இனி ஆபத்தில்லை என்று பேராசிரியை சொன்னதையும் கேட்டுக்கொண்டு, தொட்டியடிக்குப் போனேன்.

"தப்பு என்னோடதுதாம்மா."

அம்முலு கையைத் துடைத்துக்கொண்டு நோட்டையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார்.

"பதினேழு தடவ தொறந்துகீறீங்க சார். ஒண்ணுலயும் உங்க கையெழுத்து இல்ல. எல்லாத்துக்கும் நானே பதில் சொல்லிக்கினு இருக்க முடியுமா?"

பதினேழு இடத்திலும் போட்டேன். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, நோட்டைப் பெட்டிக் கதவில் மாட்டினார்.